பாதியில் நின்ற பாய்



குளிர்மிகுந்த மேலைநாடுகளிலே, துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைக்கும் பெண்கள், தொடங்கிவிட்டுப் பெட்டியில் இட்டுவைத்த வேலையைப் பல்லாண்டு கழித்து எடுத்து முடித்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பரிசாக அளிப்பதுண்டு. வங்கத்திலே, உடுத்து நைந்த சேலைகளை அடுக்கிக் ‘காந்தா’ என்னும் மெத்தைப் போர்வையைத் தைத்து உற்றாருக்குக் கொடுப்பர். நமது மட்டக்களப்பு வாவிக்கரையோ வெப்பமான நாடு. இங்கே போர்வையினும் பாயே வீட்டுக்கு இன்றியமையாதது. ஆதலின், அத்தகைய கைவேலையின் வரலாற்றை இங்கே தேடுவோர் பன் பாயிடம் வந்து சேர்வர்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் அழைப்பர். நீர் தேங்கும் தாழ்நிலங்களிலே பன் செழித்து வளரும். அதனை அறுத்து, வெயிலிலே உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயத்திலிட்டு அவித்து எடுப்பர். பின்னர்த் தரையில் அமர்ந்து, தறியின் உதவியின்றி, விரல்களாலேயே பாய் இழைப்பர். நன்றாய்க் காய்ந்த பன் முறியும் இயல்பினது. ஈரப்பதம் இருந்தாலே வளைந்து கொடுக்கும். ஆகவே வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும், வீட்டுவேலைக்கு இடையே சிறிது சிறிதாக நடப்பது இவ்வேலை. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் இக்கலையிலே பெயர்பெற்றவர்கள்.

இப்பாய் யாருக்காக இழைக்கப்பட்டது என்பதை அறிய, இந்நாட்டின் தாய்வழி மரபை அறிதல் வேண்டும். பழைய முக்குவச் சட்டத்தின்படி ஓர் ஆணின் முதுசொம் அவன் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அச்சட்டம் வழக்கொழிந்தது. ஆயினும் மரபு ஒழியவில்லை. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியே எண்ணப்படுகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். தாயின் தாயைத் தமிழர் அம்மம்மா என்பர். முஸ்லிம்கள் உம்மம்மா என்பர். இரு சொற்களும் ஒரே வழியையன்றோ காட்டுகின்றன!

வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லுமாயின், அவ்வீட்டுப் பரணில் சுருட்டிவைத்த அரைகுறைப் பாயும் அவளுக்கே சேரும். மகளின் கலியாணத்துக்கெனத் தாய் தொடங்கிய பாய் நோயினாலோ, வயல்வேலையினாலோ நின்றுபோகலாம். ஆனால் நமது காலத்திலே கைவேலைகள் நின்றமைக்கு வேறு காரணங்களும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. 1990ஆம் ஆண்டு வன்செயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் உயிரையும் இழந்தனர், ஊரையும் இழந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து கரையூர்களை அழித்தது. 2009இல் போர் முடிந்தபோது, கடைகளிலே பிளாத்திக்குப் பாய்கள் மலிந்திருந்தன. இழைக்கக் கற்றவர் முதுமை எய்திவிட்டனர். கற்க வேண்டியவர் வேறு தொழில்களை நாடிவிட்டனர்.

பாதியில் நின்ற பாயை மீண்டும் எடுப்பவள் முதலிற் காண்பது நிற வேறுபாட்டை. பழைய பாதியின் சிவப்பு மங்கியிருக்கும். புதிய பன்னின் சிவப்பு பளிச்சென்றிருக்கும். பழைய பன்னுக்கு மெல்ல நீர் தெளித்து, அது பதமாகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டு வளைத்தால் ஒடிந்துவிடும். தாயின் கை இறுக்கமாக இழைத்திருக்கலாம். மகளின் கை தளர்ந்திருக்கலாம். எவ்வளவு முயன்றாலும் இரண்டும் சந்திக்கும் இடம் தெரியவே செய்யும்.

அதை மறைப்பதற்காகப் பழைய பாதியைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாரும் உளர். அது வேண்டாத வேலை என்பதே என் கருத்து. சந்தையிலே விற்கும் பாய்க்கு ஒரே நிறம் வேண்டும். மகளுக்கோ பேத்திக்கோ கொடுக்கும் பாய்க்கு அது வேண்டுவதில்லை. ஒருத்தி எதுவரை இழைத்தாள், மற்றொருத்தி எங்கே தொடங்கினாள் என்பதைக் கையால் தடவியே அறிந்துகொள்ளும் பேறு அக்குடும்பத்துக்கு வாய்க்கின்றது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பாய் ஒன்று கிடக்கலாம். பாயாயின்றி, பாதி பின்னிய பெட்டியாகவோ, ஓரம் தைக்காத துணியாகவோ இருக்கலாம். அதை இறக்கித் தூசி தட்டுங்கள். அடுத்த இழையை எப்பக்கம் மடிப்பது என்று அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நன்று. ஓரம் மடித்து முடித்த பாயை வீட்டில் அடுத்து மணமாகும் பெண்ணுக்குக் கொடுங்கள்.