இரணைமடுவும் 'முதன்முதல்' என்ற சொல்லும்

2007 மார்ச் 26ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின், வன்னியிலிருந்து கிளம்பிய புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசிவிட்டுத் திரும்பின. விமானப்படையினர் மூவர் மாண்டனர். விடிந்ததும் உலகச் செய்திகளில் ஒரு வாசகம் ஓடியது: சொந்த விமானத்தால் தாக்கிய முதல் கிளர்ச்சி இயக்கம். ஆதரவாளர் பெருமையோடும் எதிர்ப்பாளர் பீதியோடும் அதையே சொன்னார்கள். இரு சாராரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட செய்திகள் நம் நாட்டில் குறைவு. அதனாலேயே எனக்கு அதன்மீது சந்தேகம்.

தோண்டினால் முதலில் தட்டுப்படுவது இந்தோனேசியா. 1958இல் ஜகார்த்தாவை எதிர்த்து எழுந்த சுலாவெசியின் பெர்மெஸ்தா கிளர்ச்சியாளரிடம் பி-26 குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. மே 18இல் அம்பொனில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டபோது பிடிபட்ட விமானி அலன் போப் என்ற அமெரிக்கர். விமானமும் சி.ஐ.ஏ. கொடுத்ததுதான். அடுத்தது பயாஃப்ரா. 1969 மே 22இல் சுவீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்தாஃப் ஃபொன் ரோசன், பொம்மை போன்ற ஐந்து எம்.எஃப்.ஐ.-9 விமானங்களில் ரொக்கெட் பூட்டிச் சென்று, போர்ட் ஹார்கோர்ட் விமானத்தளத்தை அடித்தார். ஆனால் பயாஃப்ரா 1967லேயே தன்னைத் தனிநாடாகப் பிரகடனம் செய்திருந்தது. சில நாடுகள் அங்கீகரித்தும் இருந்தன.

ஆக, அரசொன்றின் கொடையின்றி, அந்நிய விமானியின்றி, எந்த நாட்டின் அங்கீகாரமுமின்றி என்று மூன்று அடைமொழிகளைக் கட்டினால் இரணைமடுவுக்கு முதலிடத்தைக் கொடுத்துவிடலாம். நான் கொடுக்கிறேன். அடைமொழி இல்லாத 'முதன்முதல்' வானூர்தி வரலாற்றில் எங்கேயும் இல்லை. ரைட் சகோதரர்களின் 1903கூட, இயந்திரம் பூட்டி, மனிதர் ஏறி, கட்டுப்பாட்டோடு பறந்தது என்ற வரையறைகளுக்குள்தான் நிற்கிறது. நம்மவர் சிலர் இந்த இடத்தில் கொர்தோவாவின் அப்பாஸ் இப்னு பிர்னாஸை இழுத்து வருவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் சிறகு கட்டிப் பறந்ததை விரித்துச் சொல்பவர் அல்-மக்கரி, பதினேழாம் நூற்றாண்டுக்காரர். எழுநூறு ஆண்டு இடைவெளியை மறைத்துவிட்டு மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வானிலிருந்து குண்டு விழுந்ததும் இப்படித்தான். 1849இல் ஆஸ்திரியர் வெனிஸ் நகரின்மீது ஆளில்லாப் பலூன்களில் குண்டு அனுப்பினார்கள். விமானத்திலிருந்து என்றால் 1911 நவம்பர் 1. இத்தாலியின் ஜூலியோ கவோத்தி, திரிப்போலிக்கு அருகே அயின் ஸாராவிலும் தாஜூராவிலும் நான்கு சிறு குண்டுகளைக் கையால் எறிந்தார். எறிந்தவர் பெயர், விமானத்தின் வகை, குண்டின் எடை எல்லாம் நூல்களில் உண்டு. கீழே நின்றவர்கள் பொதுவாக 'அரபிகளும் துருக்கியரும்' மட்டுமே.

இரணைமடு விமானத்தின் நுட்பத்திலும் புதுமை அதிகமில்லை. செக் நாட்டின் ஸ்லின் 143 நான்கு பேர் அமரும் பயிற்சி விமானம். 235 குதிரைவலு, மடங்காத சக்கரங்கள். அதன் பலம் அதன் மந்தம்தான். இருளில், தாழ்வாக, மெதுவாக வருவதைப் பிடிக்க வேகமான ஜெட் விமானம் திணறும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் பெண் விமானிகள் மரமும் துணியுமான போ-2இல் இதே காரியத்தைச் செய்தார்கள். கொரியப் போரிலும் அதே போ-2 அமெரிக்கரின் தூக்கத்தைக் கெடுத்தது. கட்டுநாயக்க கண்டது பழைய பாடம், புதிய இடம்.

வன்னியின் தலைக்குமேல் வந்தவையோ வேறு. மிக்-27 பறக்கும்போதே சிறகை மடக்கும். அதை 1951லேயே அமெரிக்காவின் பெல் எக்ஸ்-5 செய்துகாட்டிவிட்டது. இஸ்ரேலியக் கிபிரின் பிரதான சிறகுக்கு முன்னே ஒரு சின்னச் சிறகு இருக்கும். போர் ஜெட்களில் அதைப் பெருமளவில் கொண்டுவந்தது சுவீடனின் விகன் என்பார்கள்; ரைட் சகோதரரின் விமானத்திலேயே அது இருந்தது என்று மறுப்போரும் உண்டு. இந்த விவாதமெல்லாம் கிளிநொச்சியில் எடுபடாது. அங்கே 'கிபிர்' ஒரு சத்தத்தின் பெயர்; கேட்டதும் பங்கருக்குள் ஓட வேண்டிய சத்தம். ஆளில்லாத வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர். 2006 ஓகஸ்ட் 14இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் குண்டுவீச்சில் மாண்டார்கள். அரசு அதைப் பயிற்சி முகாம் என்றது; அங்கே படைமுகாமுக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு.

கிளிநொச்சி, முல்லைத்தீவு முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பதினாறு வருடம் கழிந்துதான் இரணைமடுவின் விமானம் கிளம்பியது. அதை அவர்கள் புத்தளத்தின் அகதிக் குடியிருப்புகளில் வானொலியில்தான் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒரு முதியவர் பின்னொரு நாள் என்னிடம், "தம்பி, எங்கட ஊரு மண்ணுலருந்துதானே ஏறிப்போச்சு?" என்றார். எதிலே முதல், எந்த வகை என்பதை அவர் கேட்கவில்லை.

2009 பெப்ரவரி 20இல் கடைசியாக இரண்டு ஸ்லின்கள் கொழும்புக்கு வந்தன. ஒன்று இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்கவுக்கு அருகே வீழ்ந்தது. இரணைமடு ஓடுபாதை அதற்கு முந்திய மாதமே இராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. இன்று அது இலங்கை விமானப்படையின் தளம்.