பட்டியலில் இல்லாத குடிசைகள்

"ரேஷன் கார்டு லிஸ்ட் இருக்கு, ஓட்டர் லிஸ்ட் இருக்கு. அதுல பத்து வீட்டை எடுத்துக்க வேண்டியதுதானே சார், எதுக்கு வெயில்ல தெருத்தெருவா அலையுறீங்க?" மாதிரி ஆய்வுக்குப் போன ஊர்களிலெல்லாம் என்னிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

பேராசிரியர் மகலனோபிஸின் முயற்சியில் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றில் 1833 கிராமங்கள். இந்த ஆய்வுகளில் ஊரைத் தேர்ந்தெடுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியல் போதும். ஊர் எங்கும் ஓடிப்போகாது. குடும்பம் அப்படியல்ல.

கர்ணம் வைத்திருந்த அடங்கலும் சிட்டாவும் நிலத்துக்கான கணக்கு. கூலிக்காரனுக்கு அதில் இடம் ஏது? வாக்காளர் பட்டியலில் பிழைக்க வந்தவர் பெயர் இருக்காது. கதவு எண்ணோ பழையது ஒன்று, புதியது ஒன்று. ரேஷன் கார்டு இன்னும் வேடிக்கை. எங்கள் கணக்கில் ஒரே அடுப்பில் உண்பவர்கள் ஒரு குடும்பம். ஆனால் ஒரே அடுப்பில் சாப்பிடும் அண்ணன் தம்பிக்கு இரண்டு கார்டு இருக்கும். தனி அடுப்பு வைத்துவிட்ட மகன் மருமகள் பெயர் இன்னும் அப்பா கார்டில் இருக்கும். கார்டைப் பார்த்து எடுத்தால் இரண்டு கார்டுக் குடும்பம் சிக்க இரட்டிப்பு வாய்ப்பு, கார்டே இல்லாதவர் சிக்கவே மாட்டார்.

அதனால்தான் ஊருக்குப் போனதும் வீடு வீடாக நடந்து நாங்களே புதுப் பட்டியல் எழுதுவோம். 240 குடும்பம், எட்டு வேண்டும் என்றால் இடைவெளி 30. சமவாய்ப்பு எண் 17 என்று வந்தால் 17, 47, 77 என்று போகும். (1927-ல் டிப்பெட் வெளியிட்ட சமவாய்ப்பு எண் அட்டவணையே பிரிட்டிஷ் மக்கள்தொகை அறிக்கைகளில் இருந்த இலக்கங்களைப் பொறுக்கிச் செய்ததுதான். அரசாங்க ஏடு அப்படியும் பயன்பட்டிருக்கிறது!)

தஞ்சைப் பக்கம் ஒரு ஊரில் வாய்க்கால் புறம்போக்கில் ஒன்பது குடிசைகள். எந்த ஏட்டிலும் இல்லை. "அவங்க நம்ம ஊர் இல்லீங்க" என்றார் உள்ளூர்ப் பெரியவர். எழுதிக்கொண்டோம்; அதில் ஒன்று மாதிரியில் விழுந்தது. அந்த அம்மா முப்பது நாள் செலவைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகவில்லை, வாங்கியதே அவ்வளவுதான். அரிசியை அரைக் கிலோவாக, எண்ணெயை ஐம்பது கிராமாக வாங்கியிருந்தார். இப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டால் அந்த வட்டாரத்தில் வறுமை குறைந்துவிட்டதாகவே அறிக்கையில் வரும்.

இப்போது டேப்லெட்டில் எழுதுகிறார்கள். ஆனால் 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2022-23 குடும்பச் செலவு ஆய்வுக்கும் 2011-ன் கிராமப் பட்டியல்தான் அடிப்படை. அந்தப் பதினோரு வருடத்தில் நகர ஓரத்து ஊர்கள் பலவற்றில் வயலெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது. ஏட்டில் மட்டும் அவை இன்னும் கிராமங்கள்.