வேலையை முடிச்சுட்டுக் கிளம்புற வேலை

போன எபிசோடுல ஐடி வேலையை விட்டுட்டு வேற துறைக்குப் போறதைப் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதே கேள்வியை வேற ஆட்கள்கிட்ட கொண்டுபோறேன். அகதிகள், வறட்சி, வெள்ளம்னு ஓடுற நிவாரணப் பணியாளர்கள்கிட்ட. 2025-ல் அமெரிக்கா தன்னோட யுஎஸ்எய்ட் அமைப்பை மூடினப்போ உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல வேலை போச்சு. பத்து வருஷம் முகாம்ல வேலை பார்த்த ஒருத்தர் அடுத்து என்ன வேலைக்குப் போவார்?

இதுக்கு ஒரு பழைய பதில் நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துலயே இருக்கு. மைராடான்னு ஒரு தொண்டு நிறுவனம். இந்த ஊர்க்காரங்க பலபேர் வீட்டு மகளிர் குழு நோட்டுல அந்தப் பேரைப் பார்த்திருப்பாங்க. ஆனா அது ஆரம்பிச்சது மகளிர் குழுவுக்காக இல்ல. திபெத் அகதிகளுக்காக.

1959-க்குப் பிறகு திபெத்துல இருந்து வந்தவங்களுக்கு அன்றைய மைசூர் மாநிலம் நிலம் கொடுத்தது. அவங்களைக் குடியமர்த்துற வேலையில அரசுக்கு உதவ 1968-ல் மைராடா தொடங்கப்பட்டது. பேரிலேயே மைசூர் இருக்கு, மறுகுடியமர்வும் இருக்கு. ஏறத்தாழ 15,000 பேருக்கு வீடு, விவசாயம், கூட்டுறவுச் சங்கம்னு அமைச்சுக் கொடுத்தாங்க. 1980-களின் தொடக்கத்துல அந்த வேலை முடிஞ்சது. குடியேறினவங்க சொந்தக் கால்ல நின்னுட்டாங்க.

நம்ம ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சா இன்னொண்ணுல போடுவாங்க. இங்க நிறுவனம் இருக்கிறதுக்கான காரணமே முடிஞ்சுபோச்சு. அந்த நேரத்துலதான், 1982-ல், அலோசியஸ் பெர்னாண்டஸ் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மைராடா உள்ளூர் ஏழைக் குடும்பங்கள் பக்கம் திரும்புச்சு.

திரும்பின உடனே ஒரு அடி விழுந்தது. கர்நாடகக் கிராமங்கள்ல அவங்க உருவாக்கின பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைஞ்சுபோச்சு. தலைவர்கள் மேல உறுப்பினர்களுக்கு நம்பிக்கை இல்ல. ஆனா சின்னச் சின்னக் கூட்டமா மைராடாகிட்ட வந்து, "கடனை உங்ககிட்ட கட்டுறோம், சங்கத்துல கட்ட மாட்டோம்"னாங்க. "அப்ப உங்களுக்குள்ளேயே ஏன் கட்டக்கூடாது?"ன்னு மைராடா திருப்பிக் கேட்டது. ஒருத்தரையொருத்தர் நம்புற 15, 20 பேர் சேர்ந்து சேமிக்கிற, கடன் கொடுக்கிற குழுக்கள் அப்படித்தான் 1980-களின் நடுவுல உருவாச்சு.

இங்கதான் பணியாளர்களோட தொழிலே மாறுது. நிவாரணத்துல தேவைப்பட்ட திறமை வேற: பட்டியல் எடுக்கணும், பொருள் வாங்கணும், சரியா விநியோகிக்கணும். குழு வேலையில கொடுக்கிறதுக்குக் கையில எதுவும் கிடையாது. கூட்டத்துல பின்னாடி உட்கார்ந்து, பெண்களே தீர்மானம் எழுதுற வரைக்கும் பொறுமையா இருக்கணும். கணக்கு வைக்கக் கத்துக்கொடுக்கணும். ஜாமீன் இல்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுக்கறதுன்னு கேட்கிற பேங்க் மேனேஜருக்குப் பதில் சொல்லணும். இந்தப் பயிற்சிக்காக 1987-ல் நபார்டு மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்தது. 1992-ல் நபார்டு நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோட இணைக்கிற முன்னோடித் திட்டத்தை ஆரம்பிச்சதுக்கு இந்த அனுபவமும் ஒரு அடித்தளம்.

அதுக்கு முன்னாடியே கதை நம்ம பக்கம் வந்திருந்தது. 1989-ல் ஐ.நா.வோட ஐஃபாட் நிதி உதவியில, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தோட திட்டம் முதல்ல தொடங்கினது தர்மபுரி மாவட்டத்துல. கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சது 2004-லதான். அதனால அன்னைக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாமே தர்மபுரிதான். இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. மைராடா குழுக்களை உருவாக்குற வேலையில இருந்தது. பிறகு மாநிலம் முழுக்க வந்த மகளிர் திட்டத்துக்கு வழி போட்டது இதுதான்.

அடுத்த மாற்றம் தொழிற்சாலை வாசல்ல. ஓசூர் டைட்டனுக்காக, குழுப் பெண்கள் கைக்கடிகாரப் பட்டைகளைக் கோத்துக் கொடுக்கிற 'மெடோ' என்ற நிறுவனத்தை மைராடா உருவாக்க உதவுச்சு. நேத்து வரைக்கும் சேமிப்பு நோட்டு பார்த்தவங்க இப்ப தரம், நிராகரிப்பு, டெலிவரி தேதின்னு பேச வேண்டி வந்தது. 1995-ல் குழுக்களுக்குக் கடன் கொடுக்க 'சங்கமித்ரா'ன்னு லாப நோக்கமில்லாத நிதி நிறுவனமும் வந்தது. பிறகு, குழுக்களே கட்டணம் கட்டி நடத்துற வள மையங்கள். அந்த மையத்தோட மேனேஜருக்குச் சம்பளம் குழுக்கள்கிட்ட இருந்து வரணும்ங்கிறதுதான் யோசனை.

இதுல எனக்குத் தெரியற ஒழுங்கு இதுதான். ஒவ்வொரு புதுத் தொழிலும் பழைய தொழில்ல பாக்கி நின்ன கேள்வியில இருந்து வந்திருக்கு. சங்கம் உடைஞ்சதால குழு. குழுவுக்குப் பணம் பத்தாததால வங்கி. கடன் வாங்கி என்ன செய்யறதுன்னு கேட்டப்போ தொழிற்சாலை. கடைசியில யார் தொடர்ந்து பார்த்துக்கிறதுன்னு கேட்டப்போ வள மையம். நிறுவனம் இப்படித் தொழில் மாத்திக்கிட்டே வந்தது.

ஆனா நிறுவனம் மாறுறதும் அதுல வேலை பார்க்கிற ஆள் மாறுறதும் ஒண்ணு இல்ல. களப்பணியாளர் வேலை பெரும்பாலும் திட்டக் காலத்தோட கட்டினது. 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினப்போ நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்துல இருந்து 20 ஆச்சு. ஒரு நிறுவனம் வாங்கின வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் தடை வந்தது. இன்னொரு பக்கம், 2014-ல் இருந்து பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடணும்னு சட்டம். ஓசூர் மாதிரி ஊர்ல அந்தக் கதவு பெருசு. அந்த வேலைக்கு விண்ணப்பிக்கிற களப்பணியாளர்கிட்ட எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் இருக்கான்னுதான் முதல்ல கேட்பாங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் கூட்டம் நடத்துவார், கடன் மனுவைப் பார்த்ததும் திரும்ப வருமா வராதான்னு சொல்லுவார். இதுக்கெல்லாம் சான்றிதழ் கிடையாது.

கேட்கிறவங்கள்ல களப்பணியில இருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பயோடேட்டாவுல "அஞ்சு வருஷம் என்ஜிஓ அனுபவம்"னு எழுதாதீங்க. எத்தனை குழுவோட கணக்கைச் சரிபார்த்தீங்க, எத்தனை குழுவை வங்கியோட இணைச்சீங்க, நீங்க கிளம்பின பிறகும் அதுல எத்தனை ஓடுதுன்னு எழுதுங்க. வேலைக்கு எடுக்கிற இடத்துல இருக்கிறவங்க அந்தக் கடைசி எண்ணைக் கேளுங்க. இந்தத் தொழிலோட உண்மையான சான்றிதழ் அதுதான்.