ஜப்பானியர் கட்டிய வேட்டி

ராமபிரானுக்கு வேட்டி கட்டுவது எப்படி? காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டால், "இது ஒரு கேள்வியா?" என்று சிரிப்பார்கள். ஆனால் ஜப்பானியச் சித்திரக்காரர்களுக்கு இது பெரிய பிரச்சினை. வேட்டி உடுத்தும் விதம், பிள்ளைகள் பெரியவர்களிடம் ஆசி பெறும் விதம் எல்லாவற்றையும் இந்தியக் கலைஞர்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1992-இல் உருவான 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற சித்திரப் படத்தின் சமாசாரம் இது. இதற்கு மூலபுருஷர் யூகோ சாகோ என்ற ஜப்பானியர். தொல்பொருள் நிபுணர் பி.பி. லாலின் அகழ்வாராய்ச்சியைப் பற்றிச் செய்திப்படம் எடுக்க 1983-இல் இந்தியா வந்தவர், ராமாயணத்திலேயே மனத்தைப் பறிகொடுத்தார்.

உடனே வந்தது கண்டனம். பாரதத்தின் பொக்கிஷத்தை அந்நியர் இஷ்டப்படி படமாக்கலாமா என்று விசுவ ஹிந்து பரிஷத் ஜப்பான் தூதரகத்துக்கு எழுதியது. பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. விளக்கம் சொன்னதும் தீர்ந்தது. இந்திய சர்க்காரோ, இத்தகைய விஷயத்தைக் கார்ட்டூனாகக் காட்டலாகாது என்று கூட்டுத் தயாரிப்பிலிருந்து விலகிக்கொண்டது.

சாகோ விடவில்லை. தெய்வத்தை ஒரு நடிகரின் முகத்தில் காட்டுவதைவிடச் சித்திரத்தில் காட்டுவதே பொருத்தம் என்பது அவர் கட்சி. சுமார் 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் கைச்சித்திரங்கள் என்று ஜப்பானிலேயே வேலை நடந்தது. டைரக்டர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னை சர்வகலாசாலையில் ரசாயனம் படித்தவர். 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்து, டிஸ்னி நிலையத்தில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றவர்.

படம் பார்க்கும்போது அந்தப் பெரிய பெரிய கண்கள் முதலில் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தன. நம் வீட்டுப் பூஜையறை ராமர் இவர் அல்லவே என்று மனம் முரண்டு பிடித்தது. கும்பகர்ணன் எழுந்தானோ இல்லையோ, கண்களின் நினைப்பே போய்விட்டது! மலை ஒன்று சோம்பல் முறிக்கிறது. வேஷம் போட்ட மனிதரால் ஆகிற காரியமா அது? சாகோவின் கட்சியில் நியாயம் இருக்கிறது என்று அங்கேதான் ஒப்புக்கொண்டேன்.

கதை யாருக்குச் சொந்தம்? வால்மீகியின் ராமனைத் தமிழ் பேச வைத்த கம்பர், யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்கினார்? பக்தியோடு சொல்ல வந்தவனை ஊர் எது என்று கேட்பது கதைக்கே செய்யும் துரோகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் நம் குழந்தைகள் கண்ட அந்தப் படம், 2025 ஜனவரி 24-இல் தமிழும் பேசிக்கொண்டு தியேட்டர்களுக்கு வந்தது. ராம் மோகன் 2019-இல் காலமானார். சாகோ அதற்கு முன்பே. கைதட்டலைக் கேட்க இருவருமே இல்லை.