முதியோரின் நினைவை அளந்த கதை



தோட்டப்புறத்துப் பாட்டி ஒருவரை நினைத்துக்கொள்வோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். தம் நிரையில் எந்த மரம் எவ்வளவு பால் தரும் என்பதை மனத்திலேயே வைத்திருந்தவர். ஆனால், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவரிடம் மருத்துவமனையில், "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்" என்று கேட்டால் என்ன செய்வார்? விழிப்பார். அந்த விழிப்பு மறதி நோயின் அடையாளமா? அல்லது படிக்க வாய்ப்பில்லாமல் போனதன் அடையாளமா? இதற்கு அறிஞர்கள் விடை தேடிய வரலாற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான மார்ஷல் போல்ஸ்டீன், சூசன் போல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகிய மூவரும் 'மினி மென்டல்' என்னும் சிறிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மொத்தம் 30 புள்ளிகள். இன்று என்ன நாள், இது எந்த இடம், சற்று முன் சொன்ன மூன்று சொற்கள் எவை என்று கேட்பார்கள். 24க்குக் கீழே புள்ளி குறைந்தால் மறதி நோய் இருக்கலாம் என்று ஐயப்படுவது வழக்கமாயிற்று. எளிதாக இருந்ததால் அது உலகமெங்கும் பரவியது.

இனி நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5 புள்ளி. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1. ஒரு வாக்கியம் எழுத 1. ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைய 1. இந்த 8 புள்ளிகளும் எழுதுகோல் பிடித்துப் பழகிய கைக்கு எளிதானவை. நம் பாட்டி மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் 22தான் பெறுவார். நல்ல நினைவோடு இருப்பவர், நோயாளி என்று ஐயுறப்படுவார்!

இது வெறும் கற்பனையன்று. 1993இல் அமெரிக்காவில் 18,056 பேரின் புள்ளிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. ஒன்பது ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களின் நடுப்புள்ளி 29. ஐந்து முதல் எட்டு ஆண்டு படித்தவர்களுக்கு 26. நான்கு ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கோ 22.

மொழியிலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் நாக்குக் குழறும்படி அமைந்த ஒரு தொடரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதை அப்படியே வேறு மொழியில் பெயர்த்தால் பொருளே இல்லாமல் போய்விடும்.

இதையெல்லாம் உணர்ந்து, வட இந்தியாவில் அரியானா மாநிலத்துப் பல்லப்கர் சிற்றூர்களில் மேரி கங்குலியும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தச் சோதனையை இந்தியில் புதிதாக அமைத்தார்கள். அங்கிருந்த முதியோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே, ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில், கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். படித்துச் செய்வதற்குப் பதில், "நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்" என்றார்கள். 1995இல் இது வெளிவந்தது.

வேறொரு வழியும் பிறந்தது. கனடாவின் கிரீ பழங்குடியினரிடமும், பிறகு நைஜீரியாவின் இபாடான் நகரத்தவரிடமும் பயன்பட்ட ஒரு சோதனையில், முதியவரைக் கேட்பதோடு நிறுத்தாமல், அவரை நன்கு அறிந்த உறவினரையும் கேட்டார்கள். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தொடங்கிய '10/66' என்னும் குழு இந்த முறையைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டது. அக்குழுவின் ஆய்வு பின்னர் சென்னையிலும் வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் நடந்தது.

உறவினரை ஏன் கேட்க வேண்டும்? மனிதரை மற்றவரோடு ஒப்பிடுவதைவிட, அவருடைய நேற்றோடு ஒப்பிடுவதே நேர்மையானது. நன்கு படித்த ஒருவர், நோய் தொடங்கிய பின்னும் நல்ல புள்ளி வாங்கிவிடக்கூடும். படிக்காதவர், நோயே இல்லாமல் குறைந்த புள்ளி வாங்கக்கூடும். இரண்டும் தவறான தீர்ப்பே.

ஆகவே நேயர்களே, வீட்டுப் பெரியவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது நாமும் உள்ளே போவோம். அவர் எத்தனை ஆண்டு படித்தார், எந்த மொழியில் பேசினால் நன்கு புரியும், காதும் கண்ணும் எப்படி என்று மருத்துவரிடம் சொல்வோம். முன்பு தாமே செய்த எந்த வேலையில் இப்போது தடுமாறுகிறார் என்பதையும் சொல்வோம். நாற்பது ஆண்டு வைத்த குழம்பில் உப்புப் போட்டோமா என்று மறுபடி மறுபடி கேட்கிறாரா? பழகிய கடைக்குப் போய் வரும் வழியில் திகைக்கிறாரா? எப்போதிருந்து இப்படி?

"வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடவும் வேண்டாம். மனச்சோர்வினாலும், வைட்டமின் பி12 குறைவினாலும், தைராய்டுக் கோளாற்றினாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதே வேளையில், கழித்தல் கணக்குத் தெரியவில்லை என்பதற்காக, ஒரு குடும்பத்தையே கணக்காய் நடத்திக் கரையேற்றியவரை அறிவு மங்கியவர் என்று எண்ணிவிடவும் வேண்டாம்.