விருந்தினர் என்னும் பெயர்
சயாமில் நாமும் நம்மூரில் பிறரும்

ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை ஆராய்ந்தால், அவ்விரு சாராரின் வரலாற்றில் ஒரு பாதி விளங்கிவிடும். தாய்லாந்தில் தமிழரை 'கேக்' என்று அழைக்கின்றனர். இச்சொல்லின் நேர்பொருள் 'விருந்தினர்' என்பதாகும். சீன மொழியில் விருந்தினரைக் குறிக்கும் சொல்லோடு இதற்கு உறவுண்டு என்பர் மொழிநூலார். தமிழர், மலாய்க்காரர், பாரசீகர், அரபியர் ஆகிய அனைவரும் அந்நாட்டு மக்களுக்கு 'கேக்'கே. பாங்காக் நகரின் சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு மக்கள் வழங்கும் பெயர் 'வாட் கேக்', அதாவது விருந்தினர் கோயில் என்பது. அதன் அண்மையில் தமிழ் முஸ்லிம்கள் கூடித் தொழும் மீராசுத்தீன் பள்ளிவாசல் உள்ளது. அங்குத் தொழுவோரும் 'கேக்'கே. மதம் வேறாயினும் பெயர் ஒன்றே.

பொருளால் பார்த்தால் இஃது இனிய சொல். ஆனால் கடைத்தெருவில் அது ஒலிக்கும் முறை எப்போதும் இனியதன்று. கறுத்த மேனியர், அயலார், பேரம் பேசுவோர் என்னும் இளக்காரம் அதில் கலந்துவிடுவதுண்டு. பொருள் ஈட்டச் சென்று ஆண்டுகள் பல அங்கு வாழ்ந்து திரும்பும் நம்மவர் இதனைக் குறைபட்டுச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அக்குறைபாட்டில் நியாயம் இருக்கிறது. எனினும் அதனை வரலாற்றின் ஒளியில் வைத்துப் பார்ப்பது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன் தரும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

நெடுநாள் விருந்தினர்

சயாம் நாட்டிற்குத் தமிழர் நேற்றுச் சென்றவர் அல்லர். அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள குளோங் தோம் என்னுமிடத்தில் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. 'பெரும்பதன் கல்' என்று அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் முடிபு. தன் தொழிற்கருவியில் தன் பெயரைத் தன் தாய்மொழியில் எழுதிக்கொண்டு கடல் கடந்தான் ஒரு பொற்கொல்லன். இன்று கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் மாணிக்கமும் நீலமும் வாங்கி விற்கப் பாங்காக் செல்லும் நம் வணிகர்களுக்கு அவன் மூத்த வழிப்போக்கன் அன்றோ!

அடுத்து, தக்குவாபா கல்வெட்டு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் பெயரால் ஒரு குளம் தோண்டப்பெற்றதையும், அது மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் கூறுகிறது. மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. பொருள் தேடிச் சென்றவர்கள் தாம் தங்கிய மண்ணில் நீர்நிலை ஒன்றையும் காத்தார்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. விருந்தினன் விட்டுச்செல்லத்தக்க நினைவுச் சின்னம் அதனினும் சிறந்தது வேறென்ன?

பூவிருந்தவல்லியும் அயோத்தியாவும்

சயாமின் பழைய தலைநகர் அயோத்தியா (அந்நாட்டார் வழக்கில் அயுத்தயா). 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கும் நகரிலிருந்து ஷைகு அஹ்மது என்னும் வணிகர் அங்குச் சென்று அரசவையில் உயர்ந்தார். முஸ்லிம்களின் தலைவருக்குரிய 'சுலாராட்சமொந்திரி' என்னும் பதவி அவரிலிருந்து தொடங்குவதாக அந்நாட்டு மரபு கூறும். அப்பதவி இன்றளவும் நிலைத்திருக்கிறது. மேலைக்கடல் வணிகத்தைக் கவனித்த 'வலத்துறை'த் திணைக்களமும் முஸ்லிம்கள் கையிலேயே இருந்தது. நாராய் மன்னர் (ஆட்சி 1656–1688) காலத்தில் ஆகா முஹம்மது அஸ்தராபாதி என்பார் அவ்வரசில் பெருஞ்செல்வாக்குப் பெற்று விளங்கினார்.

அஸ்தராபாத் என்னும் அவ்வூர்ப் பெயர் நம் மேற்குப் புறநகர் மக்களுக்குப் புதியதன்று. நம் பூவிருந்தவல்லியில் 1653-இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதனைக் கட்டியவர் கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப்ஷாவின் பணியாளரான ருஸ்தம் என்பவர். அவர் துல்ஃபிகாரின் மகன், அஸ்தராபாத்தைச் சேர்ந்தவர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. இவ்விருவரும் உறவினர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயின் காஸ்பியன் கடலோரத்து ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட இருவரில் ஒருவர் பூவிருந்தவல்லியிலும் மற்றவர் அயோத்தியாவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தடம் பதித்தனர் என்பது உண்மை. கோல்கொண்டாவின் துறைமுகமான மசூலிப்பட்டினத்திலிருந்து மெர்குயிக்கும் தெனாசரிமுக்கும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இன்று பர்மாவைச் சேர்ந்த அவ்விடங்கள் அன்று சயாமின் ஆட்சியில் இருந்தன. சோழமண்டலக் கரையின் சூலியா முஸ்லிம்களும் அத்துறைகளிலும் கெடாவிலும் வணிகம் புரிந்தனர். 1685-இல் பாரசீக மன்னர் சுலைமான் சயாமுக்கு அனுப்பிய தூதுக்குழு நம் சென்னைப் பட்டினத்தில் தங்கியே மெர்குயி சென்றது. அப்பயணத்தை எழுதிவைத்த நூலின் பெயர் 'சஃபீனயே சுலைமானி', அதாவது சுலைமானின் கப்பல்.

ஆக, நாம் வாழும் இப்பகுதியும் சயாமும் ஒரே கடல்வழியின் இரு கரைகளாக இருந்தன. இங்கு அயலாராய் வந்தவர்கள் பள்ளிவாசல் கட்டினர். அங்கு அயலாராய்ச் சென்றவர்கள் அமைச்சராயினர்.

1855-இல் ஆங்கிலேயர் சயாமோடு செய்துகொண்ட பௌரிங் உடன்படிக்கைக்குப் பின், ஆங்கிலக் குடிகளாகப் பதிவு பெற்ற இந்திய வணிகர்கள் பாங்காக்கில் பெருகினர். வணிகர் வரலாறு இவ்வாறிருக்க, கூலிகளின் வரலாறு கண்ணீரால் எழுதப்பட்டது. 1942–43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காட்டிலும் காலராவிலும் மாண்டோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. விருந்தினர் என்னும் பெயர் அவர்களுக்கு எவ்வாறு பொருந்தும்?

அன்றாட வாழ்வில் ஒப்பும் வேறுபாடும்

தாய்லாந்தில் வாழச் செல்லும் நம்மவர் முதலில் உணர்வது ஒற்றுமையையே. வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றுதல் அங்கும் உண்டு. முன்பின் அறியாதவரையும் 'பீ' (அண்ணன், அக்காள்), 'நோங்' (தம்பி, தங்கை), 'லுங்' (பெரியப்பா) என்று உறவுமுறையால் விளித்தல் அங்கும் உண்டு. நாம் ஏப்ரல் நடுவில் சித்திரை பிறந்ததென்போம். அவர்கள் அந்நாளிலேயே சொங்கிரான் கொண்டாடுவர். அவர்களின் ஏப்ரல் மாதப் பெயரான 'மேசாயோன்' என்பதில் மேட ராசி மறைந்திருக்கிறது. ஐரோப்பியரை நாம் 'பறங்கி' என்றோம். அவர்கள் 'ஃபரங்' என்கின்றனர். இரண்டுக்கும் மூலம் பாரசீகர், அரபியர் வாயில் வழங்கிய சொல்லே. நாம் அயலிலிருந்து வந்த காய்க்குப் பறங்கிக்காய் என்று பெயரிட்டோம். அவர்கள் கொய்யாப் பழத்தையே 'ஃபரங்' என்றழைக்கின்றனர்!

உணவிலும் நம் சுவடு உண்டு. 'மஸ்ஸமன்' என்னும் புகழ்பெற்ற குழம்பின் பெயர் 'முஸல்மான்' என்பதன் திரிபு என்பர். 1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமா மன்னர் இயற்றியதாகக் கூறப்படும் உணவுப் பாடலிலும் அதற்கு இடமுண்டு. 'காவ் மோக் காய்' என்பது மஞ்சள் நிறத்துக் கோழி பிரியாணியே. 'ரொட்டி' என்னும் பெயரில் தெருவோரத்தில் விற்பது நம் பரோட்டாவின் உடன்பிறப்பு. ஆனால் அதன்மேல் கெட்டிப்பாலும் சர்க்கரையும் ஊற்றித் தருவதைக் காணும் நம்மவர் முதல்நாள் திகைப்பது இயல்பு.

வேறுபாடுகளும் உண்டு. நாம் பிள்ளைகளின் தலையில் கைவைத்து துஆச் செய்வோம். அங்கோ தலை மிக உயர்ந்த உறுப்பு. பிறர் தலையைத் தொடுதல் அவமதிப்பு. அன்பு மிகுதியால் அண்டைவீட்டுக் குழந்தையின் தலையைத் தடவிய நம்மவர் அதன் தாயின் முகம் மாறுவதைக் கண்டு காரணம் அறியாது நிற்பர். மேலும், அங்குக் குரலை உயர்த்திப் பேசுதல் பெருங்குறை. 'சாய் யென்' என்பர், குளிர்ந்த உள்ளம் என்பது பொருள். உள்ளம் குளிர வேண்டும் என்னும் பேச்சு நம் மொழியிலும் உண்டு. ஆயினும் நம் கடைத்தெருப் பேரத்தில் அக்குளிர்ச்சியைக் காண்பது அரிது! சந்தாபுரி நகரத்து மணிக்கற் சந்தையில் வாங்குவோர் மேசை முன் அமர்ந்திருப்பர். தரகர்கள் சிறு பொட்டலங்களில் கற்களைக் கொண்டுவந்து காட்டுவர். விலை மறுக்கப்பட்டாலும் புன்னகை மாறாது. நம்மவர் அங்குக் கற்றுக்கொள்ளத்தக்க பாடங்களில் இதுவும் ஒன்று.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. 1913-இல் சட்டம் வரும்வரை சயாம் மக்களுக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் இல்லை. இன்றோ அங்குள்ள முஸ்லிம்கள் பலர் அரசு ஏட்டிற்கு ஒரு தாய்ப் பெயரும் வீட்டிற்கு ஓர் அரபுப் பெயரும் கொண்டுள்ளனர். அங்கேயே பிறந்து வளரும் நம்மவர் பிள்ளைகள் தாய் மொழியில் சிந்தித்து, ஆங்கிலத்தில் படித்து, குர்ஆனை அரபியில் ஓதுகின்றனர். பெற்ற தாய் தந்தையரின் தமிழுக்கு எஞ்சும் இடம் சிறிது. பாட்டியோடு தொலைபேசியில் இரண்டு சொற்களுக்குமேல் பேச இயலாத பேரன், இரு வீட்டாருக்கும் விருந்தினனாகிவிடுகிறான். பொன்னுரைக்கும் கல்லிலும் தமிழை எழுதிச் சென்றவனின் வழிவந்தோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

சொற்களின் தீர்ப்பு

மீண்டும் பெயருக்கு வருவோம். அரபியில் அயலாரைக் குறிக்கச் சொற்கள் இரண்டு: 'கரீப்' என்பது ஊர் நீங்கிய அந்நியன். 'ளைஃப்' என்பது விருந்தாளி. அந்த 'கரீப்' உருதுவில் புகுந்தபோது ஏழை என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. ஊரை விட்டவன் எளியவன் என உலகம் கருதியதே காரணம். 'ளைஃப்' என்பதோ இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தினரைக் குறிக்கத் திருமறையில் வருவது. அறிமுகமற்றவர்களாக வந்தோருக்கு, அவர்கள் யாரென்று அறியுமுன்னரே கொழுத்த கன்றைச் சமைத்துப் படைத்தார்கள் அந்நபி. தமிழில் 'விருந்து' என்பதற்குப் பழம்பொருள் புதுமை. புதிதாக வந்தவரே விருந்தினர். ஆக, அந்நியனும் விருந்தினனும் ஒரே மனிதனே. அவனை எப்பெயரால் அழைப்பது என்பதை முடிவு செய்வது வீட்டுக்காரனின் உள்ளம்.

இப்போது நம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வருவோம். 1960-களில் இங்குத் தொழிற்பேட்டையும் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தபின், தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களே நம்மில் பெரும்பாலோர். நாமும் இம்மண்ணுக்குப் புதியவர்களாக வந்தவர்களே. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இளைஞர்கள் இத்தொழிற்கூடங்களுக்கு வருகின்றனர். ஓர் அறையில் பலர் ஒண்டி வாழ்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு எஞ்சியதில் உண்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். வெள்ளிக்கிழமைகளில் நம் பள்ளிவாசல்களின் பின்வரிசையில் அமர்ந்து, தமிழ் பயானில் ஒரு சொல்லும் விளங்காமல், தொழுதுவிட்டுத் தலைகுனிந்து செல்கின்றனர். அவர்களுக்கு நாம் வைத்துள்ள பெயர் என்ன? 'வடக்கன்' என்பது. அவர்தம் பெயரை நம்மில் எத்தனைபேர் கேட்டறிந்தோம்?

பாங்காக் தெருவில் 'கேக்' என்று இளக்காரமாகக் கூவக் கேட்டு மனம் புண்பட்ட ஒருவர் விடுமுறையில் வீடு திரும்பி, வாயிலில் சுண்ணாம்பு அடிக்கும் ஒரிய இளைஞனை 'ஏ, வடக்கன்' என்று விளிப்பாராயின், அவர் முறையீட்டில் வலுவேது? சயாம்காரர் சொல்லிலாவது விருந்தினர் என்னும் பொருள் எஞ்சி நிற்கிறது. நம் சொல்லில் அதுவும் இல்லை.

குலங்களாகவும் கோத்திரங்களாகவும் மனிதர் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது திருமறையின் போதனை. அறிதலின் முதற்படி பெயரைக் கேட்டல். நம் மஹல்லாக்களில் ஜும்ஆ பயானின் சாரத்தை ஐந்து நிமிடம் உருதுவில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்வது அரிதன்று. பூவிருந்தவல்லி வட்டாரத்தில் உருது அறிந்தோருக்குப் பஞ்சமில்லை. நோன்புக் கஞ்சியை அவர்தம் அறைகளுக்கு அனுப்புவதும், நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன் செல்வதும், இறந்தோரின் ஜனாஸாவில் அணி நிற்பதும் நம்மால் இயல்வனவே. அவிசுவாசியாயினும் விசுவாசியாயினும் உழைக்க வந்தவன் விருந்தினன் என்னும் உரிமை மாறாது.

இவ்வுலகில் அந்நியனைப் போலவோ வழிப்போக்கனைப் போலவோ வாழ்க என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இளந்தோழருக்கு அறிவுறுத்தினார்கள். அவ்வறிவுரையின்படி நாம் அனைவரும் இங்கு 'கேக்'கே. அஸ்தராபாத்திலிருந்து வந்த ருஸ்தமை இந்த ஊர் ஏற்றதனால் அவர் கட்டிய பள்ளி நமக்குக் கிடைத்தது. அம்பத்தூரின் பின்வரிசையில் இன்று அமர்ந்திருக்கும் இளைஞர்களை முன்வரிசைக்கு அழைப்பது நம் கடமை. அதற்கு வல்ல நாயன் நமக்கு உள்ளக் குளிர்ச்சியைத் தந்தருள்வானாக. ஆமீன்.