ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க

இந்த எபிசோட் ஆரம்பாக்கத்துல தொடங்குது. கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டினா தமிழ்நாட்டோட கடைசி ரயில்வே ஸ்டேஷன். அடுத்தது தடா, ஆந்திரா. ஸ்டேஷன் போர்டுல தமிழுக்குப் பதிலா தெலுங்கு வரும், அவ்வளவுதான். என் நண்பன் ஒருத்தன் அங்கதான் ரூம் எடுத்திருக்கான். தினமும் காலையில கம்பெனி பஸ்ல எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போறான். கான்ட்ராக்ட் வேலை.

சொந்த ஊர் பாண்டிச்சேரி. அவன்தான் ஒருநாள் கேட்டான்: "மச்சி, ஜூலை 14 பிரான்ஸோட தேசிய தினம். எங்க ஊர்ல கொண்டாடுவாங்க, வர்றியா?" பாஸ்போர்ட் இல்லாம ஃபாரின் பண்டிகை பார்க்கிற சான்ஸை யார் விடுவா? ஷிஃப்ட் மாத்தி, லீவு சொல்லி, நாலு பேர் ஒரே கார்ல கிளம்பிட்டோம். 200 கிலோமீட்டருக்கு மேல.

பீச் ரோட்டுல காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம், முதல் உலகப் போர்ல பிரான்ஸுக்காக உயிர் விட்டவங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. அன்னிக்கு அதுக்கு விளக்கு அலங்காரம். கோட்டு போட்டு, நெஞ்சு முழுக்க மெடல் குத்தி, வயசான தமிழர்கள் நிமிர்ந்து நிக்கிறாங்க. பாண்டிச்சேரியில இவங்களை 'சொல்தா'ன்னு சொல்வாங்க. சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தைதான் அப்படி ஆயிடுச்சு. பிரெஞ்சு தேசிய கீதம், பின்னாடியே ஜன கண மன.

நாங்க எல்லாம் வீடியோ எடுத்துட்டிருந்தோம். நண்பன் மட்டும் எடுக்கல. "எங்க பங்காளிங்க எல்லாம் பாரிஸ்ல இருக்காங்க. எங்க தாத்தா ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டிருந்தா நானும் அங்க இருந்திருப்பேன்"னு சொன்னான்.

அது என்ன பேப்பர்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1873-ல் பொன்னுத்தம்பி என்ற பாண்டிச்சேரி வக்கீல் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் விடவில்லை. பாரிஸின் உயர்ந்த நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு 1881-ல் ஓர் ஆணை வந்தது. உன் சாதி, மதச் சட்டங்களை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள், ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள் என்றது. பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. அர்த்தம், கதவு. (இதைவிடப் பொருத்தமா ஒரு யூசர்நேம் யாருக்கும் கிடைச்சிருக்காது.)

உண்மையிலேயே அது கதவுதான். அந்த வழியாகப் பல தமிழர்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமுக்கு, முக்கியமாக சைகோனுக்கு, அரசு வேலைக்குப் போனார்கள். நண்பனின் தாத்தாவோட அண்ணனும் அப்படிப் போனவர். தம்பி ஊரிலேயே மில்லில் சேர்ந்தார். 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அந்தச் சாவு அந்த ஊர் மில்காரர்கள் யாருக்கும் மறக்கவில்லை.

1947-ல் இந்தியாவுக்குச் சுதந்திரம். பாண்டிச்சேரிக்கு இல்லை. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படி அது இன்னும் பிரான்ஸ்தான்! 1956-ல் போட்ட ஒப்பந்தம், அல்ஜீரியா போர் முடிந்த 1962-ல்தான் அமலுக்கு வந்தது. தேதி ஆகஸ்ட் 16.

நண்பன் சொன்ன பேப்பர் இந்த ஒப்பந்தத்துலதான் வருது. நம்ம பாஷையில சொன்னா, டீஃபால்ட் செட்டிங் என்ன என்பதுதான் விஷயம். பாண்டிச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தால் நீ தானாக இந்தியன். பிரெஞ்சுக்காரனாகவே இருக்கணும்னா ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தால் தலைகீழ். நீ தானாக பிரெஞ்சுக்காரன், இந்தியன் ஆகணும்னாதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதாவது சைகோனில் இருந்த அண்ணன் எதுவுமே செய்யாமல் பிரெஞ்சுக்காரர் ஆனார். வீட்டில் இருந்த தம்பி எதுவுமே செய்யாமல் இந்தியர் ஆனார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். உள்ளூரில் இருந்தவர்களில் சில ஆயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1963 பிப்ரவரியோடு கெடு முடிந்தது. ஆவணம் தெரிந்த வரலாற்று ஆசிரியர்கள் இதைக் 'குடியுரிமைத் தேர்வு'ன்னு எழுதறாங்க. எனக்கு அந்த வார்த்தை உறுத்துது. பெரும்பாலானவங்க எதையும் டிக் பண்ணவே இல்லையே.

தாத்தாவுக்கு விவரம் தெரியல, அதான் விட்டுட்டார்னு நண்பன் இத்தனை வருஷமா நம்பிட்டிருந்தான். அன்னிக்கு ராத்திரி கடல் பக்கம் உக்காந்து அப்பாவுக்கு போன் போட்டான். ஸ்பீக்கர்ல போட்டதால எங்களுக்கும் கேட்டது.

"யாருடா சொன்னது தெரியாதுன்னு? அண்ணன் சைகோன்லேருந்து மூணு கடுதாசி போட்டாரு, எழுதிக் குடுத்துடுன்னு. பக்கத்து வீட்டுக்காரரு கூடவே கூப்ட்டாரு. இவரு போகல."

"ஏம்ப்பா?"

"மில்லுல சுட்டப்போ இவருக்குப் பதினாறு வயசு. அவங்க பேருல நான் இருக்க மாட்டேன்னுட்டாரு. அதுக்கு மேல நாங்க கேக்கல."

நண்பன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "கேட்டிருக்கலாம்ல"ன்னான். தாத்தாவுக்கா, அப்பாவுக்கா, தனக்கேவா, யாருக்குச் சொன்னான்னு தெரியல.

அவனுக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். ராத்திரியே கிளம்பி, விடியறதுக்குள்ள ஆரம்பாக்கத்துல இறக்கி விட்டோம். கம்பெனி பஸ் ஏற்கெனவே வந்து நின்னுட்டிருந்தது.